வில்லின் வயிற்றில் நசுங்கல் விரிசல்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் என் பட்டறைக்கு வரும் பழுதான வில்களில் பெரும்பாலானவை ஒரே குறையோடுதான் வருகின்றன. வில்லின் வயிற்றுப் பக்கத்தில், மரத்தின் நார்களுக்குக் குறுக்காக, தலைமுடி ஒட்டியதுபோல ஒரு மெல்லிய கோடு தெரியும். கொண்டுவருபவர் அந்தக் கோட்டைக் காட்டி, "இதை அடைத்துத் தர முடியுமா?" என்று கேட்பார். அடைப்பதால் அது சரியாகாது என்பதையும், கோடு விழுந்த இடத்தைவிட அதற்குப் பக்கத்து இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே பேசுவது மூங்கில் முதுகும் கடினமரத்து வயிறும், சில வேளைகளில் நடுவில் ஒரு மெல்லிய பலகையும் வைத்து ஒட்டி, கையால் இழைத்துச் செய்த வில்லைப் பற்றி. எய்பவரின் முகத்தைப் பார்க்கும் பக்கம் வயிறு; இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களைக் கை என்கிறோம். நாணை இழுக்கும்போது முதுகு நீள முயல்கிறது, வயிறு அமுங்குகிறது. காய்ந்த மரம் நார் வாக்கில் இழுவையைத் தாங்கும் அளவில் ஏறத்தாழப் பாதியைத்தான் அமுக்கத்தில் தாங்கும். ஆகவே நன்றாகச் செய்த வில்லிலும் முதலில் தோற்பது வயிறுதான். அங்கே நார்கள் அறுவதில்லை. துணி மடிவதுபோல மடிந்து நசுங்குகின்றன. அந்த மடிப்பே நமக்குக் கோடாகத் தெரிகிறது.

கோட்டைக் கண்டதும் நாணைக் கழற்றிவிடுங்கள். காரணம் தெரியும்வரை, இன்னும் எவ்வளவு தாங்குகிறது என்று சோதிப்பதற்காக ஒருமுறைகூட முழு நீளத்துக்கு இழுக்க வேண்டாம்.

உண்மையில் நசுங்கல்தானா என்று உறுதிசெய்தல்

இருட்டிய அறையில் டார்ச் விளக்கை வில்லின் கையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மேற்பரப்பின் ஏற்ற இறக்கம் நிழலாகத் தெரியும். கோடு நார் வாக்கிலேயே நீளமாக ஓடினால் அது மரம் காயும்போது விட்ட வெடிப்பு. விளிம்பைத் தாண்டி வெளியே ஓடாதவரை அதனால் பெரிய ஆபத்தில்லை. வார்னிஷ் மட்டும் வெடித்திருக்கிறதா என்பதை அறிய, அந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். வெறும் மரத்தில் பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்துத் துடைத்தால், உண்மையான மடிப்பில் கரி தங்கிக் கோடு கறுத்து நிற்கும்.

இன்னும் ஐயம் இருந்தால், நாண் இல்லாத வில்லை முழங்காலில் வைத்துச் சிறிதளவே வளைத்து, கோட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வளைக்கும்போது பிளவு வாய் திறந்தால் அது இழுவையால் வந்தது. அது முதுகிலோ விளிம்பிலோதான் இருக்கும், அதற்கு வழியே வேறு. வளைக்கும்போது வாய் மூடி, நகத்தில் ஒரு மெல்லிய வரம்பு தட்டினால் அது நசுங்கல். வில்லின் பக்கவாட்டைப் பார்த்து, அந்தக் கோடு எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டின் இரு முனைகளிலும் கூர்ப்பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துவிட வேண்டும். அது வளர்கிறதா நின்றதா என்று பின்னர் சொல்லப்போவது அந்தப் புள்ளிகள்தாம்.

அறிகுறி: ஒரே இடத்தில் ஓரிரு கோடுகள், மற்ற இடமெல்லாம் சுத்தம்

பத்து வில்லில் ஏழெட்டு இந்த வகைதான் என்பது என் அனுபவம். அந்த இடத்தில் வில் கீல்போல மடிகிறது என்பதே இதற்குப் பொருள். வளைவு கை முழுதும் பரவாமல் ஓரிடத்தில் குவிந்தால், அந்த இடத்து வயிறு மற்ற இடங்களின் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது.

கணக்கு எளியது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கை, 600 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவில் வளைந்தால் வயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்குகிறது. பெரும்பாலான மரங்கள் நிலையாக நசுங்காமல் தாங்கும் எல்லையும் அதை ஒட்டியே இருக்கிறது. அதே கை ஓரிடத்தில் மட்டும் 400 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மடிந்தால் சுருக்கம் ஒன்றரைச் சதவீதமாகிவிடும். பெரும்பாலான மரங்களில் அங்கே கோடு விழும்.

கண்ணால் மட்டும் கீலைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், கண் ஏமாற்றும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மிக நேராக இழைத்த மரக்கட்டையின் நடுவில் துளையிட்டு, அதில் ஒரு பென்சில் துண்டை இறுக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள். வில்லுக்குக் குறைந்த உயரத்தில் நாண் ஏற்றி, கட்டையின் நேர்ப்பக்கத்தை வயிற்றின்மேல் வைத்து நகர்த்தினால், வளைவு அதிகமுள்ள இடத்தில் கட்டையின் நடுவுக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருக்கும். கோடு விழுந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். பென்சில் முனை அங்கே மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்துவிட்டு, கையின் முழு நீளத்துக்கும் கட்டையை ஓட்டுங்கள். எங்கெல்லாம் பென்சில் கோடு போடுகிறதோ அங்கெல்லாம் மரம் விறைப்பாக நிற்கிறது. தன் பங்குக்கு வளைய மறுக்கிறது. குறை இருப்பது அந்த விறைத்த இடங்களில். நசுங்கிய இடம் அவற்றின் பாரத்தைச் சுமந்து தோற்ற இடம்.

நசுங்கல் கோட்டின் இருபுறமும் மூன்று மூன்று விரல் அகலத்துக்குச் சாக்பீஸால் எல்லை போட்டு, அதற்குள் எந்தக் கருவியும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பென்சில் கோடு போட்ட விறைப்பு இடங்களில் மட்டும் சுரண்டுதகட்டால், இருபது இருபது இழுப்பாக எண்ணிச் சுரண்டுங்கள். இழைப்புளியும் முரட்டு அரமும் இந்த வேலைக்கு ஆகா. மரத்தின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், 12 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் குறைத்தாலே விறைப்பு 12 சதவீதம் குறைந்துவிடும், 1.2 மில்லிமீட்டர் குறைத்தால் 27 சதவீதம் போய்விடும். அவசரப்பட்டு ஆழமாகச் சுரண்டினால் பழைய கீலுக்குப் பக்கத்தில் புதிய கீல் பிறக்கும். ஒவ்வொரு சுற்றுச் சுரண்டலுக்குப் பிறகும் வில்லை அரை நீளத்துக்கு மட்டும் முப்பது முறை நிதானமாக வளைத்துவிட்டுக் கட்டையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வளைத்துப் பழக்காமல் பார்த்தால் மரம் புதிய அளவை உடனே காட்டாது.

இந்த வழி புதியதன்று. 1545இல் இங்கிலாந்தில் அச்சான வில்வித்தை நூல் ஒன்று, இத்தகைய கோடுகள் சிறு கிள்ளலாக இருக்கும்போதே சுற்றியுள்ள இடங்களை இழைத்து மென்மையாக்கினால் அவை வளராமல் அடங்கிவிடும் என்று சொல்கிறது. ஐந்நூறு ஆண்டுக்கு அருகாகியும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. முழு நீளத்துக்கு இழுக்க 45 பவுண்டு விசை வேண்டிய வில் 40 பவுண்டாக, சில வேளைகளில் அதற்கும் கீழாக இறங்கும். இழந்த பலத்தைத் திரும்பப் பெற நுனிகளை ஓரங்குலம் வெட்டி, நாண் மாட்டும் பள்ளமான குதையைப் புதிதாக எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நசுங்கல் உள்ள வில்லில் அதைச் செய்யவே கூடாது. நீளம் குறைந்தால் அதே இழுப்புக்கு வளைவு கூடும். எந்தச் சுமையைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதே சுமை திரும்பிவரும்.

அறிகுறி: கை முழுதும் பரவலாக நுண்கோடுகள்

கோடுகள் பல இடங்களில் ஒரே மாதிரி பரவியிருந்தால் வளைவு நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள். வயிற்று மரம் முழுதுமே தன் சக்திக்கு மேல் சுமக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: மரத்தில் ஈரம் ஏறியிருக்கலாம், அல்லது மூங்கில் முதுகு வயிற்றைவிட மிக வலுவாக இருக்கலாம்.

ஈரத்தை முதலில் பாருங்கள். எங்கள் எல்லைப் பகுதியில் இதுவே பெரிய சிக்கல். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் வறண்ட காற்றில் மரம் ஏழு எட்டு சதவீத ஈரத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் இழைத்து, அப்போதைய பலத்துக்கு ஏற்ப அளவு வைத்த வில்லை, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கூடலூருக்கோ சுல்தான் பத்தேரிக்கோ கொண்டுபோனால், காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டியே நாள்கணக்கில் நிற்கும் அங்கே மரத்தின் ஈரம் மெல்ல மெல்லப் பதினெட்டு, இருபது சதவீதம்வரை ஏறும். ஈரம் ஒரு சதவீதம் கூடும்போது மரத்தின் அமுக்கத் தாங்குதிறன் ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறைகிறது. பத்துச் சதவீதம் ஏறினால் ஐந்தில் இரண்டு பங்கு பலம் போய்விட்டது என்றே கொள்ளலாம். மூங்கிலும் ஈரம் குடிக்கும்; ஆனாலும் இழுவைப் பலம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. முதுகு நிற்கிறது, வயிறு நசுங்குகிறது.

பந்தலூரிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன் கொண்டுவந்த சடச்சி மரத்து வில்லில் இதை நன்றாகக் கண்டேன். ஆங்கிலேயரை எதிர்த்த பழசிராஜாவோடு நின்ற குறிச்சியப் பழங்குடியினரின் வில் மரபு இன்றும் பேசப்படும் வயநாட்டை ஒட்டி வளர்ந்த பையன். மழைக்காலம் முழுதும் வில்லை அடுப்பில்லாத அறையில் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தான். சடச்சி, வண்டிச் சட்டத்துக்கும் கோடரிக் காம்புக்கும் பெயர்போன துவளும் மரம். அதிலும் இரு கைகளிலும் பதினான்கு கோடுகள் விழுந்திருந்தன.

ஈரத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. சமையலறையில் கிராம் கணக்கில் நிறுக்கும் மின்தராசு போதும். நாண் கழற்றிய வில்லை நிறுத்து எழுதி வைத்துக்கொண்டு, காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில், கூரைக்கு அருகில் கிடையாகத் தொங்கவிடுங்கள். 600 கிராம் வில்லில் ஒரு சதவீத ஈரம் என்பது ஐந்தாறு கிராம். வாரம் ஒருமுறை நிறுத்து, எடை இரண்டு வாரம் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகே அடுத்த வேலையைத் தொட வேண்டும். பந்தலூர் வில் ஐந்து வாரத்தில் 41 கிராம் இழந்தது. வெயிலில் வைத்தோ அடுப்புப் புகையில் காட்டியோ விரைவுபடுத்த வேண்டாம். ஒரே மரத்தில் செய்த வில்லின் வயிற்றைத் தணலில் வாட்டி இறுக்கும் முறை நல்ல முறைதான். ஆனால் அடுக்கு ஒட்டிய வில்லுக்கு அது பொருந்தாது. கடைகளில் இரண்டு டியூபாகக் கிடைக்கும் எப்பாக்சிப் பசை 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வில்லை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

காய்ந்த பிறகும் கோடுகள் வளர்ந்தால் முதுகைக் குறைக்க வேண்டும். மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருக்கமாக இருக்கின்றன. அந்தத் தோலை ஒருபோதும் சுரண்டக் கூடாது. குறைக்க வேண்டியது தடிமனை அல்ல, அகலத்தை. கையை வெட்டிப் பார்த்தால் வயிறு அகன்றும் முதுகு குறுகியும் தெரியும்படி, இரண்டு விளிம்புகளையும் முதுகுப் பக்கம் சாய்வாக இழையுங்கள். 34 மில்லிமீட்டர் அகலக் கையில் முதுகை 26 மில்லிமீட்டர் வரை கொண்டுவரலாம். இரு விளிம்பையும் சமமாக இழைக்காவிட்டால் கை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். பத்து இழுப்புக்கு ஒருமுறை நாண் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இழைத்த விளிம்புகளின் கூர்மையை மெல்லிய உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூர்விளிம்பிலிருந்துதான் மூங்கில் சிலாம்பு கிளம்பும்.

இழுக்கும் நீளத்தை 28 அங்குலத்திலிருந்து 26க்குக் குறைத்துக்கொள்வதும் ஒரு தீர்வே. பிள்ளைகளுக்கோ கை நீளம் குறைந்தவருக்கோ அந்த வில்லைக் கொடுத்துவிட்டால் அது பல ஆண்டு உழைக்கும்.

அறிகுறி: கணுவை ஒட்டியோ பிடியின் ஓரத்திலோ கோடு

வயிற்று மரத்தில் கணு இருந்தால் கணு விறைத்து நிற்கும், அதன் இருபக்கமும் நசுங்கும். கணுவுக்கு இரு பக்கமும் கொஞ்சம் கூடுதல் தடிமன் விட்டிருக்க வேண்டும். இப்போது அது முடியாது என்பதால், கையின் மற்ற விறைப்பு இடங்களை மேலே சொன்னபடி குறைத்து அந்த இடத்தின் சுமையை இறக்குங்கள்.

பிடிக்கட்டை மெலிந்து கையோடு சேரும் ஓரத்தில் கோடு தெரிந்தால், முதலில் அது பிடிக்கட்டையின் பசை விட்ட கோடா என்று பாருங்கள். பசை விட்டதென்றால் வளைக்கும்போது அங்கே ஒரு சிறு 'டிக்' ஓசை கேட்கும், மெல்லிய பிளேடு உள்ளே நுழையும். உண்மையான நசுங்கலாக இருந்தால் வெளிக்கை விறைத்திருக்கிறது. சுரண்டுவது கையின் நடுவிலும் நுனியை நோக்கியும்.

அறிகுறி: நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான மடிப்பு

சுற்றுப்புறத்தை இழைத்தும் கோடு புள்ளியைத் தாண்டி வளர்ந்தாலோ, பக்கவாட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலோ ஒட்டுப்போட வேண்டும்.

நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை ஊற்றி மரத்தூளை அடைப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. தொடக்க காலத்தில் நானும் அப்படி ஒரு வில்லைச் சரிசெய்து கொடுத்தேன். மூன்றாவது வாரம் அது அதே கோட்டில் ஒடிந்தது. எய்தவரின் முன்கையில் மூங்கில் சிலாம்பு ஏறியது. அந்தக் காயம் இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மடிந்துபோன நாரை எந்தப் பசையும் நிமிர்த்தாது. நூல் சுற்றிக் கட்டுவதும் அப்படியே: அது சிலாம்பு கிளம்பாமல் பிடிக்கும், அமுக்கத்தைத் துளியும் சுமக்காது. நசுங்கிய நாரை எடுத்துவிட்டு முழு நார் உள்ள மரத்தை வைப்பது ஒன்றே வழி.

ஒட்டுக்குரிய குழி நீளமாகவும் ஆழம் குறைவாகவும், படகின் அடிபோல மெல்ல இறங்கி மெல்ல ஏற வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருபது மில்லிமீட்டர் சரிவு என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. 3 மில்லிமீட்டர் ஆழமென்றால் கோட்டின் இருபுறமும் 60 மில்லிமீட்டர், மொத்தம் 12 சென்டிமீட்டர். செங்குத்தான விளிம்பு வைத்த குறுகிய ஒட்டு தானே அடுத்த நசுங்கலுக்கு இடம் கொடுக்கும். மிகக் குறைந்த வளைவுள்ள ஒரு மரக்கட்டையில் முரட்டு உப்புத்தாள் ஒட்டி, கையின் முழு அகலத்துக்கும் குறுக்காகச் சமமாகத் தேய்த்துக் குழி எடுப்பது உளியைவிடப் பாதுகாப்பானது. கரித்தூள் கோடு முற்றிலும் மறையும்வரை தேய்க்க வேண்டும். மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். வயிற்றுப் பலகையின் பாதித் தடிமனுக்குக் கீழேயும் கோடு தெரிந்தால் அந்த வில்லுக்கு ஒட்டு வேண்டாம்.

ஒட்டு மரம் வயிற்று மரத்தின் இனமாகவே இருப்பது நல்லது. இல்லாவிட்டால் அதைவிட அடர்ந்ததாக, காய்ந்ததாக, நார் நேராக ஓடுவதாக இருக்கட்டும். மெல்லிய பட்டையாகச் சீவினால் குழியின் வளைவுக்கு அது தானே படியும். பசையில்லாமல் வைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது கீழே வெளிச்சம் கசியக் கூடாது. மெதுவாக இறுகும் எப்பாக்சியை இரு பரப்பிலும் தடவுங்கள். வெள்ளை மரப்பசை இங்கே வேண்டாம்; ஓயாத அமுக்கத்தில் அது மெல்ல நழுவும். சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி இறுக்கிச் சுற்றுவது போதும். கிளாம்பைப் போட்டு முழுப் பலத்தோடு முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி இணைப்பு வறண்டுபோகும். பாக்கெட்டில் ஒரு நாள் என்று போட்டிருந்தாலும் மழைக்காலத்தில் மூன்று நாள் விடுவது என் வழக்கம்.

பசை இறுகியதும் ஒட்டை மட்டத்துக்கு இழைத்துவிட்டு, பென்சில் கட்டையை மறுபடி எடுக்க வேண்டும். ஒட்டு நன்றாக அமைந்தாலும் கீலை அது போக்காது. ஒட்டுக்குப் பக்கத்து விறைப்பைக் குறைக்காமல் விட்டால், புதிய மரத்துக்கு அடுத்த விரலில் புதிய கோடு விழும்.

அறிகுறி: கோட்டோடு பசை இணைப்பும் திறந்திருத்தல்

மடிந்த இடம் மேலே தள்ளியதால் இணைப்பு பெயர்ந்திருக்கும். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சில் எப்பாக்சியை எடுத்து, பிளவை மெல்லிய பிளேடால் சற்றே திறந்து உள்ளே செலுத்தி, டியூப் சுற்றுங்கள். நசுங்கலுக்கான வேலையை அதன் பிறகு தொடங்கலாம்.

ஆனால் வயிற்றில் நசுங்கலும், அதற்கு நேர் எதிரே முதுகு மூங்கிலில் சிலாம்பும் சேர்ந்திருந்தால் அந்த வில்லை இனி எய்யக் கூடாது. யாரும் எடுத்து இழுத்துப் பார்த்துவிடாதபடி குதையை அறுத்துவிடுங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில்.

சரிசெய்த பின் சோதித்தல்

முதல் இழுப்பு கையால் வேண்டாம். வில்லின் பிடியைச் சுவரில் அடித்த கட்டையில் பொருத்தி, நாணில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பியின் வழியாகக் கொண்டுவந்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அரை நீளத்துக்கு முப்பது முறை, முக்கால் நீளத்துக்கு முப்பது முறை, முழு நீளத்துக்குப் பத்து முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு நாணைக் கழற்றிக் கரித்தூள் தேய்த்துப் பார்க்க வேண்டும். முழு நீளத்தில் பிடித்து நிறுத்தி வைக்காமல் உடனே தளர்த்திவிடுங்கள்.

ஒட்டுப் போடாமல் சுரண்டி மட்டும் சரிசெய்த வில்லில் பழைய கோடு மறையாது. அது இருக்கட்டும், வளராமல் இருந்தால் போதும். வார்னிஷ் அடிப்பதற்கு முன் ஐம்பது அம்பு எய்து, கோட்டின் முனைகளில் வைத்த பென்சில் புள்ளிகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு புள்ளிக்குள்ளேயே நின்றால் வார்னிஷ் அடிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் தாண்டியிருந்தாலும் பென்சில் கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி விறைப்பு இடங்களைத் தேட வேண்டும். பந்தலூர் வில்லில் இரண்டாம் முறை தேடியபோதுதான் கீழ்க்கையின் நுனியருகே ஒரு சாண் நீளத்துக்கு விறைப்பு மிச்சமிருந்தது தெரிந்தது. அதைக் குறைத்ததும் கோடுகள் நின்றன. இப்போது அது 36 பவுண்டு வில். மழைக்காலத்தில் நாண் கழற்றி, அடுக்களைச் சுவருக்கு மறுபக்கத்தில் கிடையாகத் தொங்குகிறது.